வாடகை வீடும் தேருநர் இடாப்பும்

வெள்ளவத்தையில் நாங்கள் மேல்மாடிக்கு வாடகைக்கு வந்த முதல் வருடம், வாக்காளர் பட்டியலான தேருநர் இடாப்பில் பெயர் பதிவதற்கான பி.சி. படிவம் கீழ்வீட்டுக்குப் போனது. வீட்டுக்கார ஐயா தம் குடும்பத்தின் நான்கு பெயர்களை மட்டும் எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். கேட்டபோது, "பெயரைப் பதிந்தால் பிறகு வீட்டுக்கு உரிமை கோருவார்கள் என்கிறார்களே, தம்பி" என்றார்.

கொழும்பில் இந்தப் பயம் பரவலாக இருக்கிறது. அதற்கு அடிப்படையே இல்லை. 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர்களைப் பதிவுசெய்தல் சட்டம் கேட்பது, ஒருவர் வழமையாக எங்கே வசிக்கிறார் என்பதையே. வீட்டின் உறுதிப்பத்திரம் யார் பெயரில் இருந்தாலென்ன? இடாப்பில் பெயர் ஏறுவதால் வீட்டில் எந்த உரித்தும் வராது.

இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. தகுதித் திகதி பெப்ரவரி 1. அன்று 18 வயது நிறைந்த பிரஜைகளின் விபரத்தைக் கிராம உத்தியோகத்தர் வீடு வீடாகத் திரட்டுகிறார். அதற்குப் பின் 18 ஆகிறவர்களைச் சேர்க்க, 2021இன் திருத்தச் சட்டத்தால் குறைநிரப்பு இடாப்புகள் வந்தன. விபரம் திரட்டிய பிறகு, நீக்கப்போகும் பெயர்களும் சேர்க்கப்போகும் பெயர்களும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். விடுபட்டவர் கோரிக்கை கொடுக்க வேண்டிய நேரம் அதுதான். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலோ பிரதேச செயலகத்திலோ போய்ப் பாருங்கள். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தும் பார்க்கலாம். தேர்தல் அறிவித்த பின் ஓடினால் பயனில்லை. ஏற்கெனவே அத்தாட்சிப்படுத்திய இடாப்பை வைத்தே வாக்கெடுப்பு நடக்கும்.

ஒருவருக்கு ஓரிடத்தில்தான் பதிவு. ஊரில் அம்மா பாசத்தோடு பிள்ளையின் பெயரை எழுதிவிடுகிறார். பிள்ளையோ பத்து வருடமாகக் கொழும்பு கொட்டாஞ்சேனையில். தனியார் கடையில் வேலை செய்பவருக்குத் தபால் வாக்கும் கிடையாது. வாக்களிக்க இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணமோ ஹட்டனோ போய்த் திரும்ப வேண்டும். லீவு கிடைக்காதவரின் வாக்கு அப்படியே போய்விடுகிறது.

வாக்கோடு முடிகிற விடயமுமல்ல. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது, வதிவிடத்துக்கான புள்ளிகளில் பெற்றோரின் இடாப்புப் பதிவு ஆண்டுக்கணக்கில் பார்க்கப்படுகிறது. மாவட்டங்களுக்கான பாராளுமன்ற ஆசனங்களும் பெரும்பாலும் இடாப்பின் எண்ணிக்கையிலிருந்தே பிரிக்கப்படுகின்றன: 2020இல் 19 ஆக இருந்த கொழும்பு, 2024இல் 18 ஆனது, யாழ்ப்பாணம் 7இலிருந்து 6 ஆனது.

அடுத்த வருடம் வாடகை ஒப்பந்தத்தையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு நானே கிராம உத்தியோகத்தரிடம் போனேன். அவர் வீட்டுக்கார ஐயாவுடன் தொலைபேசியில் பத்து நிமிடம் பொறுமையாகப் பேசினார். அன்று மாலையே ஐயா மாடியேறி வந்து, எங்கள் பெயர்களின் எழுத்துகளைச் சரிபார்த்துக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.