ஹித்தொக்கிரி: கொலையாளியா, ஆள்வெட்டியா?

ஜப்பான் வாள்வீரர் படம் ஒன்றைத் தமிழ் சப்டைட்டிலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஹித்தொக்கிரி' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் கீழே 'கூலிக் கொலையாளி' என்று வந்தது. படித்தால் உறுத்தாது. ஆனால் அந்த ஆட்களைக் கத்தி தூக்க வைத்தது கூலி இல்லை. சொல்லிலும் கூலி என்ற பேச்சே கிடையாது.

பிரித்துப் பார்த்தால் சொல் ரொம்ப எளிமையானது. 'ஹிதோ' என்றால் ஆள். 'கிரு' என்றால் வெட்டுதல். அதன் பெயர் வடிவம் 'கிரி'. நமக்குப் பழக்கமான ஹராகிரியில் இருப்பதும் இதே கிரிதான். 'ஹரா' என்றால் வயிறு. காய் வெட்டுவதற்கும் ஆளை வெட்டுவதற்கும் வாயில் ஒரே சொல்தான் வரும். எழுதும்போதுதான் வேறுபடும். வாளால் மனிதனை வெட்டுவதற்குத் தனி எழுத்து உண்டு: அதன் இடப்பாதி வண்டி, வலப்பாதி கோடரி.

ஒற்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஹிதோகிரி' என்று எழுதினால் தமிழ் வாய் நடுவிலுள்ள தகரத்தையும் ககரத்தையும் மெலித்துவிடும், 'மதி', 'பகல்' போல. ஜப்பானியர் இரண்டையும் வன்மையாகத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் ஹித்தொக்கிரி. ஆனால் 'ட்ஸுஜிகிரி' என்ற சொல்லில் அதே ககரம் மெலிந்துதான் ஒலிக்கும். ட்ஸுஜி என்றால் தெரு முக்கு. அங்கே நின்றுகொண்டு, வாளின் கூர்மையைச் சோதிக்க வழிப்போக்கரை வெட்டுகிற கொடுமைக்கு அப்படிப் பெயர். எதை வெட்டுகிறோம் என்பது முன்னால் வந்தால் வன்மை, எங்கே வெட்டுகிறோம் என்பது வந்தால் மென்மை; பொதுவாக இப்படி. இரண்டாம் வேற்றுமைக்கு ஒரு விதி, ஏழாம் வேற்றுமைக்கு ஒரு விதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது பழகின சங்கதி.

எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) மரண தண்டனை பெற்றவர்களின் தலையை வெட்டியும், உடல்களில் வாள்களைச் சோதித்தும் பிழைத்த யமாதா அஸாஎமோன் பரம்பரைக்கே 'ஹித்தொக்கிரி அஸாஎமோன்' என்ற பட்டம் இருந்தது. ஆனால் இன்று இந்தச் சொல்லைக் கேட்டதும் ஜப்பானியருக்கு நினைவு வருவது பகுமாட்சு காலம்தான். 'பகு' என்பது படைத்தலைவரின் கூடாரத் திரை, அதாவது பேரரசரின் பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் ஆட்சி. 'மாட்சு' என்றால் முடிவு. 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கறுப்புக் கப்பல்கள் உராகாவுக்கு வந்ததில் தொடங்கி, 1868இல் ஷோகன் ஆட்சி கவிழும் வரைக்குமான பதினைந்து வருடம்.

வெள்ளைக்காரர்களுக்குத் துறைமுகங்களைத் திறந்துவிட்ட ஷோகன் அரசு மீது கோபம் கொண்ட கீழ்மட்ட சாமுராய்கள், பேரரசரின் பெயரைச் சொல்லிக்கொண்டு 1862 வாக்கில் கியோட்டோவில் வந்து குவிந்தார்கள். எதிரி என்று முடிவு கட்டியவரை வெட்டினார்கள். தலையைக் காமோ ஆற்றங்கரையில் வைத்தார்கள். 'இவன் செய்த குற்றம் இது' என்று பலகையும் எழுதி வைத்தார்கள். இதற்கு 'தென்ச்சூ', வானம் தந்த தண்டனை, என்று பெயர். 1863இல் இந்த வெறி எங்கே போய் நின்றது தெரியுமா? தோஜி-இன் கோயிலில் இருந்த மூன்று பழைய ஷோகன்களின் மரச்சிலைகளிலிருந்து தலைகளைக் கழற்றிக்கொண்டு வந்து அதே ஆற்றங்கரையில் வரிசையாக வைத்தார்கள். செத்து நானூறு வருடத்துக்கு மேல் ஆனவர்களுக்குத் தண்டனை!

இப்போது ஹித்தொக்கிரிக்கு 'மறைகொலைஞர்' என்று போடலாமா என்று பாருங்கள். பலகை எழுதி வைப்பவன் எதை மறைக்கிறான்? மேற்கத்தியக் கல்வியில் கரைகண்ட சகுமா ஷோசானை 1864இல் கவகாமி கென்சாய் வெட்டியது கியோட்டோவின் கியாமாச்சித் தெருவில், பட்டப்பகலில். ஷோசான் குதிரையில் வந்துகொண்டிருந்தார். 'ஆட்கொல்லி' நல்ல சொல்தான், ஆனால் அது புலிக்கும் நோய்க்கும் போய்விட்டது. 'கொலையாளி' என்றால் யாரும் எப்படியும் கொன்றிருக்கலாம். வாள் காணாமல் போகிறது.

என் கணக்கில் சரியான சொல் 'ஆள்வெட்டி'. நேருக்கு நேர் மொழிபெயர்ப்பு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஜப்பானியரின் ஒப்பனை மேசையில் இருக்கிறது: 'ட்ஸுமெக்கிரி'. ட்ஸுமெ என்றால் நகம். அதாவது நகவெட்டி! கொலைக்கும் நகத்துக்கும் எழுத்து வேறு என்றாலும், சொல் கட்டப்பட்ட விதம் ஒன்றே. நம் நகவெட்டி, பாக்குவெட்டி வரிசையில் ஆள்வெட்டியை வைத்தால் அது ஒரு கருவியின் பெயர் மாதிரியே கேட்கிறது. கேட்கத்தான் வேண்டும்.

தோசா நாட்டு ஒகாதா இஸோவைப் பாருங்கள். சாமுராய்களிலேயே கடைசிப் படியில் இருந்தவர். தோசா பேரரசர் விசுவாசிகள் கட்சியை 1861இல் தொடங்கிய தகேச்சி ஹன்பெய்தா குறி காட்டினார்; இஸோ வெட்டினார். அப்புறம் காற்று மாறியது. 1864இல் கியோட்டோவில் பிடிபட்டு, குற்றவாளி என்று பச்சை குத்தப்பட்டு, ஊரிலிருந்து துரத்தப்பட்ட இஸோவைத் தோசா அதிகாரிகள் கொண்டுபோய்ச் சித்திரவதை செய்தார்கள். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்போம்; இங்கே இருவருக்கும் 1865இல் ஒரே நாளில் முடிவு. ஆனால் எய்தவருக்குத் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்ளும் மரியாதை கிடைத்தது. அம்பின் தலையைச் சாதாரணக் குற்றவாளியுடையதைப் போல வெட்டி ஊருக்குக் காட்டினார்கள்.

நால்வரைச் சேர்த்து 'நான்கு பெரும் ஹித்தொக்கிரிகள்' என்று சொல்வது வழக்கம்: கென்சாய், இஸோ, சாத்சுமா பகுதியின் தனாகா ஷின்பெய், நகமுரா ஹன்ஜிரோ. ஷின்பெய் 1863இல் விசாரணையின்போதே தற்கொலை செய்துகொண்டார். கென்சாய்க்கு, ஷோகனுக்குப் பின் வந்த புதிய மெய்ஜி அரசே மரண தண்டனை கொடுத்தது. தனக்குப் போர்க்கலை சொல்லிக்கொடுத்த அகமாட்சு கொசபுரோவையே 1867இல் வெட்டிய ஹன்ஜிரோ, பிற்பாடு கிரினோ தோஷியாகி என்ற பெயரில் மேஜர் ஜெனரல் வரைக்கும் உயர்ந்து, 1877இல் சாத்சுமா கலகத்தில் அதே அரசின் படையோடு மோதிச் செத்தார்.

'வெட்டி' என்றால் வேலைவெட்டி இல்லாதவன் என்று ஆகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். 'வெட்டி ஆள்' என்று புரட்டிப் போட்டால்தான் அந்த வம்பு. 'ஆள்வெட்டி இஸோ' என்று, ஜப்பானியர் சொல்வது போலவே, பெயருக்கு முன்னால் வையுங்கள், குழப்பம் வராது. எனக்கு இருக்கும் ஒரே சிக்கல் வேறு. மரவெட்டி வந்தான், பாக்குவெட்டி இருந்தது. 'ஆள்வெட்டி' என்று எழுதிவிட்டு வினைமுற்றுக்கு வரும்போது, எந்தத் திணையில் முடிப்பது என்று கை ஒரு கணம் நிற்கிறது.