பக்கத்து வீட்டுக்காரர் மீது ரிட் மனு

பக்கத்து வீட்டுக்காரர் என் மனைக்குள் இரண்டடி தள்ளிச் சுவர் எழுப்பிவிட்டார், இது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது உறுப்பின்படி வாழ்வுரிமை மீறல், உடனே உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசுக்கோ அதிகாரிக்கோ ஆணையிடும்படி கேட்கும் மனு) போட வேண்டும் என்று சென்ற வாரம் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காமவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நாட்டிலேயே பெரிய சட்டம் அரசமைப்புச் சட்டம், ஆகவே எந்தத் தகராறுக்கும் அதுவே பெரிய மருந்து என்று பலர் நம்புகிறார்கள். 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டம் முதன்மையாகக் கட்டுப்படுத்துவது அரசைத்தான். நாடாளுமன்றம், சட்டமன்றம், ஒன்றிய மாநில அரசுகள், உள்ளாட்சி அமைப்புகள் எல்லாவற்றையும் 12ஆவது உறுப்பு ‘அரசு’ என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. அந்த அரசு அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டம் எதையும் இயற்றக் கூடாது என்கிறது 13ஆவது உறுப்பு. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது உறுப்பு தனிமனிதரையும் கட்டுப்படுத்தும் என்பது உண்மை. பேச்சுரிமை முதலியவற்றைத் தரும் 19, வாழ்வுரிமை தரும் 21 ஆகிய உறுப்புகளைத் தனியாருக்கு எதிராகவும் வலியுறுத்தலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்ததும் உண்மை. (அந்தச் செய்தியைக் கைப்பேசியில் காட்டாத கட்சிக்காரர் அரிது.) ஆனாலும் எல்லைச் சுவர்த் தகராறுக்கு உரிய இடம் உரிமையியல் (சிவில்) நீதிமன்றமே, ஆவணங்களைச் சரிபார்ப்பதும், நீதிமன்றம் நியமிக்கும் ஆணையரை அனுப்பி நிலத்தைப் பார்வையிடச் செய்வதும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதும் அங்கேதான் நடக்கும்.

என்னை உண்மையில் வருத்தியது வேறொன்று. அவர் கொண்டுவந்த கட்டின் அடியில், அவருடைய கடைக்கு உள்ளாட்சி அலுவலர் ஒருவர் சீல் வைத்தபோது கதவில் ஒட்டிய ஒற்றைத் தாள் கிடந்தது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் என்று அதில் இல்லை, முன்னறிவிப்பு கொடுத்ததாகக் குறிப்பில்லை, தேதிக்கான இடமும் காலி. இதை ஏன் முதலில் சொல்லவில்லை என்றேன். “அது கவர்மெண்ட் சார், அதைப் போய் என்ன கேட்பது?” என்றார். அதைக் கேட்பதற்காகவே, உயர் நீதிமன்றத்துக்கு ரிட் அதிகாரம் தரும் 226ஆவது உறுப்பு இருக்கிறது. அவரோ எட்டு மாதம் கழித்து வந்திருக்கிறார், அதுவும் சுவருக்காக.

அதிகாரி வாய்மொழியாகச் சொன்னதை உத்தரவு என்று எண்ணிக்கொண்டு திரும்பாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், பிரிவைக் கேளுங்கள். மனு கொடுத்தால் ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர் மனு அளிக்க 350ஆவது உறுப்பு இடம் தருவதால், தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். சட்டத்தில் மேல்முறையீட்டு வழி இருந்தால் உயர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் முதலில் அங்கே போய் வரச் சொல்வார்கள். ரிட் மனுவுக்கு 226ஆவது உறுப்பு காலக்கெடு எதுவும் விதிக்கவில்லை. எனினும் தாமதத்துக்கு நீதிபதி காரணம் கேட்பார், “பயமாக இருந்தது” என்ற பதில் அங்கே எளிதில் எடுபடாது. தயவுசெய்து, கதவில் ஒட்டிய தாளைக் கிழித்து எறியாமல், கசங்கியிருந்தாலும் பரவாயில்லை, அந்த வாரமே எடுத்துக்கொண்டு வாருங்கள்.