சரக்கு ரயில் நிற்காமல் கடக்கும்போது: நடைமேடையில் என்ன விதி, ஏன் அந்த விதி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், தாப்பா ரோடு, சுங்காய் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் பலகையில் வரும் ஈடிஎஸ் என்ற மின்சார விரைவு ரயிலின் நேரத்தைத்தான் பார்ப்பார்கள். கொள்கலன், சிமெண்ட் ஏற்றிய சரக்கு ரயில்களும் அதே இரட்டைத் தண்டவாளத்தில்தான் போகின்றன. பயணிகளுக்கான அட்டவணையில் அவை இருக்காது. அடுத்த ரயிலுக்கு அரை மணி நேரம் இருக்கிறது என்று பலகை சொன்னாலும், அதுவரை தண்டவாளம் காலியாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். 'காரிசான் கூனிங்' (மலாயில் மஞ்சள் கோடு) என்று ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் பலர் அதைக் காதில் வாங்குவதில்லை. கோட்டின் மேலேயே கால் வைத்து நிற்பவர்களும் உண்டு. நிற்கப்போகும் ரயில் வேகம் குறைந்து வருவதால் அங்கே நின்றும் தப்பிவிடலாம். நிற்காத சரக்கு ரயிலிடம் அது நடக்காது.

காரணம் காற்று. ஈடிஎஸ் ரயிலின் முகம் கூர்மையானது, பக்கங்கள் வழவழப்பானவை, காற்று ஒட்டியபடி வழுக்கிப் போய்விடும். சரக்கு ரயில் அப்படியல்ல. ஒரு பெட்டியில் 40 அடி கொள்கலன், அடுத்தது வெறும் தட்டு, அதற்கடுத்ததில் 20 அடி கொள்கலன் ஒன்று மட்டும். ஒவ்வொரு இடைவெளியிலும் காற்று உள்ளே புகுந்து, அடுத்த கொள்கலனின் முகப்பில் மோதிப் பக்கவாட்டில் வெடித்து வெளியேறும். என்ஜின் கடக்கும்போது ஒரு தள்ளு. பெட்டிகள் போகப் போக இழுப்பு கூடிக்கொண்டே வரும். கடைசிப் பெட்டி போன பிறகும் சில விநாடிகள் சுழல் அடங்காது. பலர் தவறு செய்வது இங்கேதான்: என்ஜின் போனதும் ஆபத்து முடிந்தது என்று ஓர் எட்டு முன்னால் வைப்பார்கள்.

எடை உள்ள மனிதர் தடுமாறலாம், சக்கரம் உள்ள பொருளோ உருண்டே விடும். 2016 ஏப்ரலில் இங்கிலாந்தின் ட்வைஃபோர்ட் நிலையத்தில், சரக்கு ரயில் கிளப்பிய காற்று ஆளில்லாத சக்கர நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு போய் ரயிலின் பக்கவாட்டில் மோத வைத்தது. அதனால் குழந்தைத் தள்ளுவண்டியின் பிரேக்கை மிதித்துப் பூட்டுங்கள். வண்டியைத் தண்டவாளத்தைப் பார்த்தபடி நிறுத்தாமல் அதற்கு இணையாகத் திருப்பி வையுங்கள், பிரேக் விட்டுப்போனாலும் சக்கரம் விளிம்பை நோக்கி ஓடாது. ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். சக்கரம் வைத்த பயணப் பெட்டிகளைப் படுக்க வைப்பது நல்லது. கூரை இல்லாத நடைமேடைக் கோடியில் மழைக்குக் குடை பிடித்திருந்தால், ரயில் கடக்கும் வரை மடக்கிவிடுங்கள். நனைந்தால் உலர்ந்துவிடலாம்.

எவ்வளவு நேரம் கிடைக்கும்? மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் ரயில் விநாடிக்கு 22 மீட்டர் கடக்கும். 140 கிலோமீட்டரில் வரும் ஈடிஎஸ் ஏறக்குறைய 39 மீட்டர். தூரத்தில் விளக்கு தெரிந்த பிறகு குனிந்து பையை எடுத்துக்கொண்டு நகரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சுமை ஏற்றிய ரயில் பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும்.

கைப்பேசி தண்டவாளத்தில் விழுந்தால் இறங்காதீர்கள், நிலைய ஊழியரிடம் சொல்லுங்கள். ரயில் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு எடுத்துத் தருவது அவர்கள் வேலை. ஆளே விழுந்துவிட்டால், ஒருவர் ஊழியரிடம் ஓட, இன்னொருவர் 999-ஐ அழைக்க வேண்டும். எதிர் நடைமேடைக்கு மேம்பாலமோ மின்தூக்கியோதான் வழி. வேலியில் யாரோ வெட்டிய ஓட்டை வழியாகத் தோட்டத்துக்குக் குறுக்கே போவது அத்துமீறல், சட்டப்படி குற்றம். ஒரு ரயில் போய் முடிந்ததும் குறுக்கே ஓடுபவரை, அதன் மறைவில் எதிர்த் தண்டவாளத்தில் வரும் இரண்டாவது ரயில் அடிக்கும். இரட்டைப் பாதையில் மிகக் கொடிய பொறி இதுதான்.

மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். ரயில் வராதபோதும் மின்சாரம் இருக்கும், தொடாமலே பாயும். தைப்பூசக் காவடியின் உலோகச் சட்டம், கொடிக்கம்பு, செம்பனைக் குலை வெட்டும் அலுமினியக் கழி, தூண்டில் எதுவானாலும் பிரித்து, படுக்கை வாட்டில் எடுத்துச் செல்லுங்கள். மேம்பாலத்தின் மீது போகும்போதும் அப்படியே.

பார்வையற்றோருக்கான புள்ளி ஓடுகளின் மேல் பெட்டி வைக்காதீர்கள். சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஏற இறங்க உதவி தேவைப்பட்டால் முன்கூட்டியே ஊழியரிடம் சொல்லிவிடுவது நல்லது.

மஞ்சள் கோடு அழிந்திருந்தால், ஒலிபெருக்கி பேசாவிட்டால், வேலி பிய்ந்திருந்தால் முதலில் நிலையத்தில் புகார் கொடுங்கள். ரயிலை ஓட்டுவது கேடிஎம் பெர்ஹாட், நிலமும் தண்டவாளமும் ரயில்வே சொத்துக் கழகத்துடையது, இவற்றைக் கண்காணிப்பது போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள அபாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம். பதில் வராவிட்டால் அபாட்டுக்கு எழுதலாம். தேதி, நேரம், நடைமேடை எண், ரயில் போன திசை, ஒரு புகைப்படம் ஆகியவற்றோடு எழுதுங்கள். "சுங்காய் ஸ்டேஷனில் கோடு தெரியவில்லை" என்று மட்டும் எழுதினால் எந்த நடைமேடை என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.