நாற்காலி செய்யுங்கள், மிச்சக் கட்டையை எரிக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த் பக்கம் எனக்குத் தச்சுப்பட்டறை. ஆகஸ்ட் முடிந்து குளிர் விலகியதும் போன் வர ஆரம்பிக்கும். "அண்ணே, தோட்டத்துல போட்டுச் சாய்ஞ்சு உட்கார ஒரு நாற்காலி நானே செய்யப்போறேன், என்ன மரம் வாங்கலாம்?" செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்து ப்ராய்க்குள், அதாவது வெளியில் தீமூட்டி இறைச்சி சுட்டுச் சாப்பிடும் விருந்துக்குள், முடித்துவிட வேண்டும் என்பார்கள். சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் போன ஆடி மாதம் ஒரு வீட்டில் பார்த்ததற்குப் பிறகு, நாற்காலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மிச்சக் கட்டையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்த வீட்டுப் பையன் நாற்காலியை அருமையாகச் செய்திருந்தான். அறுத்து மிஞ்சிய துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி, பின்வாசலில் பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச அடுப்பு மூட்டுவதற்காம். தெரு முழுக்க ஊற்றும் கூழ் அது. நான் தடுத்ததும் அவன் அம்மா, "நல்லா காய்ஞ்ச கட்டைதானே தம்பி?" என்றார்கள். காய்ந்ததுதான். அதற்குள் ஆர்சனிக் இருந்தது.

கடையில் இளம்பச்சை படிந்து கிடக்கும் பைன் மரத்துக்குள் சி.சி.ஏ. என்ற மருந்தை அழுத்தம் கொடுத்து ஏற்றியிருப்பார்கள். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்தது அது. செம்பு பூஞ்சையைத் தடுக்கும். ஆர்சனிக் கரையானையும் மரம் துளைக்கும் வண்டையும் கொல்லும். குரோமியம் இரண்டையும் மரத்தின் நாரோடு பிடித்து நிறுத்தும். ஆர்சனிக் வேறு ஒன்றுமில்லை, நம் பெரியவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதில் இருக்கும் நஞ்சுதான். அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களில் இந்த மருந்தை ஏற்றுவதை நிறுத்திக்கொண்டார்கள். இங்கே இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. கரையானும் ஈரமும் உள்ள நம் கடற்கரை ஊரில் அதற்குத் தேவையும் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

மரமாக நிற்கும்வரை நஞ்சில் பெரும்பகுதி உள்ளேயே கட்டுண்டு கிடக்கும். தீயில் போட்டால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். ஒரு பங்கு ஆர்சனிக் புகையோடு போகும், மீதி சாம்பலில் தங்கும். மரம் எரிந்து சுருங்குவதால் சாம்பலில் நஞ்சின் செறிவு பல மடங்காகிவிடுகிறது. இப்படிப்பட்ட வேலிக்கம்பங்களின் சாம்பலை நக்கி மாடுகள் செத்திருக்கின்றன. சாம்பல் நல்ல உரம் என்று கறிவேப்பிலைச் செடிக்கு அள்ளிப் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஆர்சனிக் அதிகம் உள்ளே போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் போனால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரலாம்.

இன்னொன்று, பச்சை நிறத்தை நம்பாதீர்கள். நாலைந்து வருடம் வெயிலும் மழையும் பட்டால் மரம் சாம்பல் நிறமாகி, சாதாரணப் பழைய பலகை மாதிரியே இருக்கும். நிறம்தான் போகும், மருந்து போகாது. உடைந்த பழைய வேலி, பழைய டெக் (வெளி மரத்தளம்), பத்து வருடத்து நாற்காலி எதையும் அடுப்பில் வைக்காதீர்கள். எரிப்பதற்கு வாட்டில் என்ற வேல மர விறகு மூட்டை மூட்டையாக விற்கிறதே, அது போதும்.

சரி, இப்போது நாற்காலிக்கு வருவோம்.

மரத்தின் முனையில் ஹெச் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் அச்சிட்டிருக்கும், அல்லது சின்னச் சீட்டாக அடித்திருக்கும். ஹெச்3 என்றால் வெளியில் வைக்கலாம், ஆனால் மண்ணைத் தொடக்கூடாது. ஹெச்4 மண்ணைத் தொடலாம். புல்தரையிலேயே நிற்கப்போகிற நாற்காலிக்குக் காலை மட்டுமாவது ஹெச்4-இல் செய்யுங்கள், இல்லையென்றால் காலுக்கடியில் சிமென்ட் கல் வையுங்கள்.

சட்டத்துக்கும் காலுக்கும் 38 க்கு 114 மில்லிமீட்டர் பைன் போதும். உட்காரும் பலகை, சாயும் பலகை, கைப்பிடி மூன்றுக்கும் மருந்து ஏற்றாத மரத்தையே நான் போடுவேன். வெறும் கையும் காலும் படுகிற இடம், குழந்தை ரொட்டித் துண்டை வைத்து எடுத்துத் தின்கிற இடம். பலாவு நன்றாக உழைக்கும். இது நம் பலா மரம் இல்லை, தென்கிழக்காசியாவிலிருந்து வரும் கெட்டி மரம். விலை கூடுதல்தான். கட்டுப்படியாகவில்லை என்றால் சலிக்னா என்ற யூகலிப்டஸ் மரம் போடுங்கள், ஆனால் வருடா வருடம் எண்ணெய் பூச வேண்டும்.

துறைமுக ஊர் என்பதால் இங்கே பேலட் பலகை, அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டின் பலகை, சும்மாவே கிடைக்கும். அதிலும் முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. (HT) என்றால் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, அதைத் தொட வேண்டாம். முத்திரையே இல்லாததும், எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை உள்ளதும் வேண்டாம்.

அளவு பெரிய சூத்திரம் இல்லை. உட்காரும் அகலம் 550 மில்லி, முன்பக்க உயரம் 380, பின்பக்கம் அதைவிட 80 தாழ்வு. முதுகுப் பலகை உட்காரும் பலகையோடு 105 டிகிரி அளவில் சாயட்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு என்றால் முன்பக்கத்தை 430-க்கு உயர்த்திச் சரிவைக் குறையுங்கள். இல்லாவிட்டால் உட்கார்ந்தவரைக் கைபிடித்துத் தூக்க வேண்டியிருக்கும். பலகைகளுக்கு இடையே 8 மில்லி இடைவெளி விட்டால் மழைநீர் தேங்காது. ஆணி வேண்டாம், துளையிட்டுத் திருகாணி போடுங்கள். உப்புக்காற்றோடு மரத்திலுள்ள செம்பும் சேர்ந்து சாதாரணத் திருகாணியைச் சீக்கிரம் தின்றுவிடும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் நிற்கும்.

மருந்து மரத்தை வீட்டுக்குள் அறுக்காதீர்கள். வெளியில் தார்ப்பாய் விரித்து, எஃப்.எஃப்.பி.2 முகக்கவசம் போட்டு அறுங்கள். தூளைச் சுருட்டி மூட்டையில் கட்டுங்கள், கோழிக்கூண்டிலும் உரக்குழியிலும் போடாதீர்கள். சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பைனின் வைரப்பகுதிக்குள் மருந்து சரியாக இறங்காது. அறுத்த முனையில் அந்த வைரம் வெளியே தெரியும், அழுகல் அங்கேதான் தொடங்கும். வெட்டுமுனைக்கென்று கடையில் விற்கும் மருந்தை இரண்டு முறை பூசுங்கள்.

கடைசியில் ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருண்ட துணி தானாகவே பற்றிக்கொள்ளும். வெளியில் பிரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

மிச்சத் துண்டுகளைக் குறைக்க, மரம் வாங்கும் முன்பே காகிதத்தில் வெட்டுக்கணக்குப் போடுங்கள். மிஞ்சியது நகராட்சிக் குப்பைக்கிடங்குக்குப் போகட்டும். அந்தப் பையனின் சாக்கை நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு, இரண்டு மூட்டை வாட்டில் இறக்கிவிட்டு வந்தேன். கூழ் சரியான நேரத்துக்குத் தயாரானது. இப்போது என் பட்டறையிலிருந்து போகும் மிச்சக்கட்டைச் சாக்கு ஒவ்வொன்றிலும் தமிழ், ஆங்கிலம், சூலு மூன்றிலும் "எரிக்காதீர்கள்" என்று சிவப்பு மையில் எழுதித்தான் அனுப்புகிறேன்.