வானியல் திட்டத்துக்கு வசூலா? ரசீதுப் புத்தகம் அடிக்கும் முன் இதைப் படியுங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஆடிட் வேலை பார்க்கிறவன் நான். என் மேசைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் தேயிலை ஃபாக்டரி, லாட்ஜ், காய்கறி மண்டி, சின்னச் சின்ன அறக்கட்டளைகளின் கணக்குகள்தான். இப்போது இன்னொரு வகை ஆட்களும் வருகிறார்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ வானியல் மன்றம் நடத்தும் ஆசிரியர், கூடவே துடிப்பான இரண்டு மாணவர்கள். "சார், வானியல் ஆராய்ச்சிக்கு நம்ம கம்ப்யூட்டரைக் கொடுத்து உதவுற திட்டம் ஒண்ணு இருக்கு, அதுக்கு நிதி திரட்டப் போறோம், ரசீதுப் புத்தகம் அடிச்சாச்சு, 80ஜி போட்டுக்கலாமா?" (80ஜி என்பது நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை தரும் சட்டப் பிரிவு.)

ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரசீதுப் புத்தகம் கடைசியில் அடிக்க வேண்டியது. முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வசூலாகும் ரூபாய் கடைசியில் யார் கையில் போய்ச் சேரும் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். வந்தவர்களில் பலரால் அந்த வரியை எழுத முடியவில்லை, பிரச்சினையே அதுதான்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999 மே 17 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் செட்டி அட் ஹோம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்த சிக்னல்களை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 107 விநாடி நீளமுள்ள துண்டுகளாக்கி, உலகம் முழுக்க வீடுகளில் சும்மா இருக்கும் கணினிகளுக்கு அனுப்பினார்கள். நாம் வேலை பார்க்காத நேரத்தில் நம் கணினி அதை அலசி, வேற்றுலக அறிவுள்ள உயிர்கள் அனுப்பியது போன்ற சிக்னல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து முடிவைத் திருப்பி அனுப்பும். 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அப்புறம் அதே பெர்க்லி ஆட்கள், இப்படிப்பட்ட எந்தத் திட்டத்தையும் நடத்த உதவும் பாயிங்க் என்ற பொது மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். 2005இல் தொடங்கிய ஐன்ஸ்டைன் அட் ஹோம் அதில் ஓடுவதுதான். 2010இல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியில் இன்னொருவரின் கணினியும் அலசிய தரவிலிருந்து புதிய பல்சர் ஒன்று, அதாவது வேகமாகச் சுழன்றுகொண்டே ரேடியோ துடிப்புகளை வீசும் விண்மீன் ஒன்று, அதில் கண்டுபிடிக்கப்பட்டது.

சரி, கணினியை ஊரே இலவசமாகக் கொடுக்கிறது, அப்புறம் பணம் எதற்கு? கடைக்காரர்களும் எஸ்டேட் முதலாளிகளும் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான், கேட்பதும் நியாயம்தான். அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஊரே திரண்டு வரும், காஸ் சிலிண்டருக்கு மட்டும் யாராவது காசு கொடுத்தாக வேண்டும். இங்கே சிலிண்டர் என்பது சர்வர், ஹார்ட் டிஸ்க், இணைய இணைப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சம்பளம். ஒரே துண்டை இரண்டு பேருக்கு அனுப்பி முடிவு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும், அத்தனை கோடி முடிவுகளையும் ஒரு டேட்டாபேஸில் அடைகாக்க வேண்டும். செட்டி அட் ஹோமில் செவ்வாய்க்கிழமைதோறும் சர்வரை நிறுத்தி அந்த டேட்டாபேஸைச் சீர் செய்வார்கள், அன்றைக்கு முடிவை அனுப்ப முடியாமல் உலகம் முழுக்க ஆட்கள் காத்திருப்பார்கள். நன்கொடை கொடுத்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நட்சத்திரம் போட்டார்கள். ஒரு கட்டத்தில் தன்னார்வலர்களே காசு போட்டு சர்வர் வாங்கிக் கொடுத்ததும் நடந்தது. எல்லாம் முடிந்தபிறகு சேர்ந்து கிடந்த சுமார் 1,200 கோடி சிக்னல்களைச் சலித்து, மறுபடி பார்க்கத் தகுந்த நூறு என்கிற அளவுக்குக் கொண்டுவந்தது வீட்டுக் கணினிகள் செய்த வேலை அல்ல, சில ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. கொடையாளிக்கு இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். "வேற்றுக்கிரகவாசியைத் தேடுறோம்" என்று மட்டும் சொன்னால் சிரித்துவிட்டு நூறு ரூபாய் தருவார், அதோடு சரி.

இனி என் தொழில் விஷயம். அந்த வெள்ளைத்தாளில் 'வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு' என்று எழுதினீர்கள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மன்றத்தின் பெயரில் பணத்தைச் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கு மட்டும்தான், மன்றத்துக்கோ அறக்கட்டளைக்கோ இல்லை. பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றின் வழியாக அனுப்பலாமே என்று அடுத்த யோசனை வரும். வெளிநாட்டில் செலவழித்த தொகை, வருமான வரித்துறையின் நேரடி வரிகள் வாரியம் தனியாக ஒப்புதல் தராத வரை, அறச்செலவாகவே கணக்கில் வராது. உதவி செய்ய வந்த அறக்கட்டளையின் வரிவிலக்கு அடிபடும். சரி, எல்லாரும் என் ஜிபேக்கு அனுப்பட்டும், நான் என் பெயரில் அனுப்பிவிடுகிறேன் என்று ஆசிரியர் முன்வருவார், பாவம், நல்ல மனசு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் வந்த தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் அவருடைய வருமானமாகப் பார்க்கப்படும், அது என் பணம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழும்.

ஆகவே நடுவில் நிற்காதீர்கள். வெளிநாட்டுத் திட்டத்துக்குக் கொடுக்க நினைப்பவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த நன்கொடைப் பக்கத்தில் தன் கார்டில் நேரடியாகக் கொடுக்கட்டும். முகவரியை அவரே தட்டச்சு செய்து போகட்டும், வாட்ஸ்அப்பில் சுற்றும் லிங்கைத் தொட்டு அல்ல. அதற்கு இங்கே வரிச்சலுகை கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 80ஜி இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்குக் கொடுப்பதற்கு மட்டுமே, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான், ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்ணே மாறிவிட்டது, ஆனாலும் மலை முழுக்க இன்னும் 80ஜிதான்.

எதிர்த்திசையிலும் ஒரு குழி இருக்கிறது, நீலகிரியில் இது அடிக்கடி வரும். கோத்தகிரி, கூடலூர் பக்கம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய. கனடாவிலோ லண்டனிலோ ஒரு சித்தப்பா இருப்பார், "பிள்ளைங்க நல்ல காரியம் பண்றாங்க" என்று அனுப்புவார். அவர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புகிறார் என்றால் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத மன்றம் அதில் ஒரு ரூபாய்கூடத் தொடக் கூடாது. பதிவு வாங்கலாமே என்றால், பொதுவாக மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் தன் பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும், பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். பள்ளி மன்றத்துக்கு இதெல்லாம் ஆகிற காரியமா?

அடுத்தது ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள முத்தோரை. இங்கே வானியல் என்று வாயெடுத்தாலே எல்லோருக்கும் நினைவு வருவது அங்கிருக்கும் ரேடியோ தொலைநோக்கிதான். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970இல் இயங்கத் தொடங்கியது. ஊட்டியின் அட்சரேகை அளவான 11 பாகைக்கு ஈடாகச் சரிந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் நிறுத்தியிருப்பதால், தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றிக்கொண்டே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர முடியும். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது, அரசுப் பணத்தில் நடப்பது. உங்கள் நோட்டீஸில் அந்தத் தொலைநோக்கியின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே சின்ன எழுத்தில் உங்கள் மன்றத்தின் கியூஆர் கோடை வைத்தால், கொடுப்பவர் முத்தோரைக்குக் கொடுப்பதாகத்தான் நினைப்பார். நல்ல எண்ணத்தில் செய்தாலும் ஏமாற்று ஏமாற்றுதான். பொதுமக்களுக்கும் சொல்கிறேன், முத்தோரைக்கு என்று மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் யாராவது உண்டியல் நீட்டினால் அடையாள அட்டையைக் கேளுங்கள்.

அப்படியானால் வசூலே வேண்டாமா? வேண்டும், ஆனால் உள்ளூர்ச் செலவுக்கு. நூறு வாட் இழுக்கும் ஒரு கணினி 24 மணி நேரமும் ஓடினால் நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 144 யூனிட். வீட்டில் இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் பெரும்பகுதியை இது ஒன்றே தின்றுவிடும். லேபில் பத்துக் கணினி என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இந்த மின்கட்டணம், ஆனி ஆடி மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போகும்போது தாங்க ஒரு யுபிஎஸ், பழைய கணினிக்குக் கூடுதல் மெமரி, இதற்கெல்லாம் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் காசோலையாகவோ யுபிஐயாகவோ வாங்கி, பில்லோடு செலவு எழுதினால் யாரும் கேள்வி கேட்க முடியாது. ராத்திரி ஓட்ட வேண்டும் என்றுகூட இல்லை, எந்த நேரத்தில் எவ்வளவு ஓட வேண்டும் என்று பாயிங்கிலேயே வரம்பு வைக்கலாம். (இழுத்த மின்சாரமெல்லாம் சூடாகத்தான் வெளியேறும், மார்கழி ஊட்டியில் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.)

தலைமையாசிரியரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் மட்டும் லேபில் எதையும் நிறுவாதீர்கள். 2009இல் அமெரிக்காவின் அரிசோனாவில், பள்ளிக் கணினிகளில் எல்லாம் செட்டி அட் ஹோமை ஓடவிட்ட தொழில்நுட்ப ஊழியர் வேலையை விட்டு விலக வேண்டியதாயிற்று. மின்சாரம், தேய்மானம் எல்லாம் சேர்த்து 10 லட்சம் டாலருக்கு மேல் நட்டம் என்று பள்ளி நிர்வாகம் கணக்குச் சொன்னது. அந்தத் தொகை சரியா என்று நானும் சந்தேகப்படுகிறேன், ஆனால் வேலை போனது போனதுதான்.

கணினியை ஓடவிட்டால் கிரிப்டோ நாணயம் கிடைக்கும், அதை விற்றே மன்றத்தை நடத்தலாம் என்று ஒரு மாணவர் நிச்சயம் சொல்வார். லாபத்தில் 30 சதவீதம் வரி, அதோடு யார் பெயரில் இருக்கிறது என்ற தகராறு. வேண்டாம்.

நோட்டீஸ் அடிக்கும்போது இன்னொரு வரியும் சேருங்கள், திட்டம் நின்றுபோனால் மீதிப் பணத்தை என்ன செய்வீர்கள் என்று. செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31 அன்று புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் அரெசிபோ தொலைநோக்கியே இடிந்து விழுந்தது. மீதி பள்ளி நூலகத்துக்கு, அல்லது வேறு திட்டத்தை ஓட்டும் மின்கட்டணத்துக்கு என்று முன்கூட்டியே எழுதியிருந்தால், கொடுத்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சம்மதம் கேட்க வேண்டியிருக்காது.