கை மெக்கரை ஓரங்கட்டும் முன்

ஆலைகளில் மின்பராமரிப்பு வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு நூற்பாலையில் மோட்டார் ரிஜிஸ்டரைப் புரட்டியபோது ஒரு வரி உறுத்தியது. பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினின் மோட்டார் ஒன்றுக்கு இன்சுலேஷன் ரீடிங், அதாவது வைண்டிங்கிலிருந்து கரண்ட் கசியாமல் தடுக்கும் உறையின் ரெசிஸ்டன்ஸ், 1.2 என்று எழுதியிருந்தது. மெகாஓம் கணக்கு அது, கூடினால் நல்லது. அதற்கு முந்தைய மாதம் வரை அதே மோட்டாருக்கு ‘100-க்கு மேல்’. இப்படி ஒரே மாதத்தில் விழுந்தால் மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்கு அனுப்ப வேண்டியதுதான். சூப்பர்வைசர் அதற்கு ஏற்பாடும் செய்துவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று அவர்களுடைய புது டிஜிட்டல் மீட்டரைக் கையில் வாங்கி நானே வைத்துப் பார்த்தேன். 1.2 கிகாஓம். அதாவது 1,200 மெகாஓம். மோட்டார் கல்லு மாதிரி இருக்கிறது.

எழுதிய தம்பியைக் குறை சொல்ல முடியாது. அவர் கைக்குப் பழகியது கையால் சுற்றும் மெக்கர், இன்சுலேஷனை அளக்கும் பழைய மீட்டர். அவரிடம் இருந்ததில் முள் எங்கே நின்றாலும் மெகாஓம்தான். புது டிஜிட்டல் மீட்டரோ தானே ரேஞ்சை மாற்றிக்கொண்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் அலகைக் காட்டுகிறது. மீட்டர் வாங்கப் பணம் ஒதுக்கியவர்கள், அதைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் ஒதுக்கவில்லை.

பழையதையும் சும்மா சொல்லக்கூடாது. மெக்கர் என்பது எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ் என்ற லண்டன் கம்பெனி 1903-இல் பதிவு செய்த பெயர். இன்று யார் செய்த மீட்டரானாலும் நமக்கு அது மெக்கர்தான். உள்ளே குறுக்காக வைத்த இரண்டு காயில்கள், ஸ்பிரிங் கிடையாது. அதனால்தான் சும்மா இருக்கும்போது முள் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். ஒரு காயில் வோல்டேஜுக்கும் மற்றது கரண்டுக்கும் இழுப்பதால், சுற்றும் வேகம் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் ரீடிங் பெரிதாக மாறாது. பேட்டரியும் வேண்டாம். ஆனால் நீளமான கேபிளில் வைத்துப் பாருங்கள், கேபிள் கெபாசிட்டர் போல சார்ஜ் ஏறுவதால், கை வேகம் மாறும்போதெல்லாம் முள் ஆடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், பத்து நிமிட டெஸ்ட். ஒரு நிமிட ரீடிங்கையும் பத்து நிமிட ரீடிங்கையும் எடுத்து, பின்னதை முன்னதால் வகுத்தால் கிடைப்பது போலரைசேஷன் இண்டெக்ஸ். பெரிய மோட்டார் வைண்டிங்கில் ஈரமும் அழுக்கும் ஏறியிருப்பதை இது காட்டிக்கொடுக்கும்; இப்போதைய இன்சுலேஷன் வகைகளுக்கு 2-க்குக் குறையக்கூடாது. நிமிடத்துக்கு 160 சுற்று வீதம் பத்து நிமிடம் ஒரே சீராகச் சுற்றிப் பார்த்தவருக்குத் தோள்வலி தெரியும். பல இடங்களில் இரண்டு நிமிடம் சுற்றிவிட்டுப் பத்து என்று எழுதிவிடுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

சரி, புதியதில் எதை வாங்குவது? கடைக்காரர் 5,000 வோல்ட் மீட்டரை எடுத்து வைப்பார், ‘எல்லாத்துக்கும் ஆகும்’ என்று. ஆலையில் இருப்பதெல்லாம் 415 வோல்ட் மோட்டார் என்றால் தேவை 500 வோல்ட் டெஸ்ட்தான். 6.6 கேவி (6,600 வோல்ட்) மோட்டார் இருந்தால் 2,500 முதல் 5,000 வரை தேவைப்படும். பெரிய மீட்டரை வாங்கி, குமிழைத் தவறாகத் திருப்பி, நல்ல வைண்டிங்கைக் கெடுப்பதற்கு வழி செய்ய வேண்டாம். இன்னொன்றும் கேளுங்கள்: 500 வோல்ட்டில் அரை மெகாஓம் லோடு கொடுத்தால் 1 மில்லிஆம்பியர் ஓட வேண்டும், அப்போதும் வோல்டேஜ் 500-க்குக் கீழே இறங்கக்கூடாது. டெஸ்ட் முடிந்ததும் வைண்டிங்கில் தேங்கிய சார்ஜைத் தானே இறக்கி (டிஸ்சார்ஜ்), இறங்கும் வோல்டேஜைத் திரையில் காட்டுகிறதா என்றும் பாருங்கள். காட்டினாலும், அது பூஜ்ஜியத்துக்கு வரும் முன் வயரைப் பிடுங்கினால் அடி வாங்குவது நாம்தான். பெரிய மோட்டாரில் பத்து நிமிடம் டெஸ்ட் செய்தால் குறைந்தது நாற்பது நிமிடம் எர்த் செய்து வைக்க வேண்டும்.

டிரைவ், அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் கருவி, இருக்கும் மோட்டாரில் கூடுதல் கவனம் வேண்டும். கை மெக்கர் காலத்தில் பேனலிலிருந்தே வைத்துப் பார்த்த பழக்கம் நிறையப் பேருக்கு விடவில்லை. மோட்டார் கேபிளை டிரைவின் டெர்மினலிலிருந்து கழற்றிவிட்டுத்தான் மீட்டரை வைக்க வேண்டும். ஒருமுறை நான் அவசரத்தில் அப்படியே வைத்து, டிரைவின் அவுட்புட் பகுதி போனது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

புது மீட்டர் வந்த முதல் மாதம் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு மோட்டாரிலும் இரண்டாலும் அளந்து பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பல வருடக் கணக்கு அந்த இடத்தில் அறுந்துவிடும். வைண்டிங் சூட்டையும் எழுதுங்கள். 10 டிகிரி ஏறினால் ரீடிங் ஏறக்குறையப் பாதியாகும். காலையில் 30 டிகிரியில் 40 மெகாஓம் காட்டிய மோட்டார், ஓட்டி நிறுத்திய கையோடு 60 டிகிரியில் 5 காட்டும். இரண்டும் ஒரே இன்சுலேஷன்தான். அந்த நூற்பாலையில் இப்போது ரிஜிஸ்டரில் தேதி, சூடு, டெஸ்ட் வோல்டேஜ், ரீடிங் என்ற கட்டங்களோடு, அலகுக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டு, சிவப்புப் பேனாவால் கோடு இழுத்திருக்கிறார்கள். இழுத்தது அந்தத் தம்பிதான்.