அல்பம்: சொல் விளக்கம்

திருகோணமலையில் ஒருவர் "அல்பம் வந்திட்டுதோ?" என்று கேட்டால், அவர் கேட்பது பெரும்பாலும் கலியாணப் படங்களைத்தான். பாட்டென்றால் நம் பக்கத்து வழக்கு 'இறுவட்டு', அதாவது சிடி. மேடைக்குழுவில் கீபோர்ட் வாசிக்கும் ஒரு இளைஞர், குழுவுக்குப் புறம்பாக, அறைக்குள் கிற்றாரோடு இருந்து மெதுவாகப் பாடிப் பதிந்த எட்டுப் பாட்டை வெளியிடுகிறார் என்று வையுங்கள். வட்டு ஒன்றுகூட அடிக்கவில்லை, எல்லாம் யூடியூபில். ஆனாலும் அழைப்பிதழில் 'கன்னி இறுவட்டு வெளியீடு' என்றுதான் போடுவார்கள்.

அல்பம் என்பது இலத்தீன் சொல். 'அல்புஸ்' என்றால் வெள்ளை. பழைய உரோமில் அரச அறிவித்தல்களை எழுதிப் பொது இடத்தில் வைத்த வெள்ளைப் பலகைக்கு 'அல்பம்' என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள் நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கிய வெற்றுப் புத்தகத்துக்கு அந்தப் பெயர் போனது. பிறகு முத்திரை, புகைப்படம் ஒட்டும் புத்தகத்துக்கு. (தமிழ்நாட்டில் 'ஆல்பம்' என்று நெடிலில் எழுதுகிறார்கள். நாம் எழுதும் 'அல்பம்' வடமொழியில் அற்பமாகிவிடும். பாடியவரிடம் இதைச் சொல்லாதீர்கள்.)

இசைக்கு அது வந்த கதை வேறு. நிமிடத்துக்கு 78 முறை சுற்றிய பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் கொள்ளும். நீண்ட இசைக்குப் பல தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றைக் கடதாசி உறைகளில் இட்டு, படப் புத்தகம் போலக் கட்டி விற்றார்கள். அதனால் அல்பம். 1948இல் கொலம்பியா நிறுவனத்தின் நீள்தட்டு (எல்.பி.) வந்தபோது அவ்வளவும் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. கட்டு போனது, பெயர் நின்றது. ஒலிநாடாவிலும் நின்றது, 1982இல் வந்த இறுவட்டிலும் நின்றது.

நம் சொல்லுக்கு அந்த யோகம் இல்லை. இறுக்கமான வட்டு என்பதால் இறுவட்டு. தமிழ்நாட்டுக் குறுந்தகடும் அதே வட்டைச் சுட்டுவதுதான். அழகான சொற்கள், ஆனால் வட்டோடு ஒட்டிப் பிறந்தவை. வட்டே இல்லாத பாட்டுக்கு அவை பொருந்தவில்லை.

சரி, எதைச் சொல்வது? தமிழில் இதற்கு வேர் பழையது. தொகுதல் என்றால் கூடுதல், தொகுத்தல் என்றால் கூட்டுதல். எட்டுத்தொகையில் இருப்பது அந்தச் சொல்தான். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம் (தனித்து நிற்கும் ஒற்றைப் பாட்டு), குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காகப் பிரிக்கிறது. தொகைநிலைக்கு அது சொல்லும் இலக்கணம் இன்றைய பாடகருக்கும் பயன்படும். ஒருவர் பாடியதாக இருக்கலாம், பலர் பாடியதாக இருக்கலாம். பொருளால், இடத்தால், காலத்தால், தொழிலால் தொகுக்கலாம். பாட்டாலும் அளவாலும் கூடத் தொகுக்கலாம். காலத்தால் தொகுத்ததற்கு, மழைக்காலத்தைப் பாடும் கார் நாற்பது எடுத்துக்காட்டு. நிலாவெளி, உப்புவெளி, கன்னியா என்று எட்டுப் பாட்டும் இந்த மண்ணைச் சுற்றினால் அது இடத்தால் ஆன தொகை. எல்லாம் மாரிமழை என்றால் காலத்தால். கரைவலைக்காரர் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை வைத்து எழுதினால் தொழிலால். எட்டும் சேர்ந்து ஒரே கதையைச் சொன்னால் அது தொகைநிலை அல்ல, தொடர்நிலை. 'அல்பம்' என்ற சொல் மட்டும் இந்தப் பிரிவுகளைக் காட்டாது.

'இசைத்தொகை' என்று சுருக்கலாம்தான். ஆனால் தொகை என்றால் இப்போது காசுதான் நினைவுக்கு வரும், "எவ்வளவு தொகை?" என்று கேட்பார்கள். ஆகவே என் தெரிவு 'பாடல் தொகுப்பு'. பாட்டில்லாத வாத்திய இசையானால் 'இசைத்தொகுப்பு'. முன்னால் 'கன்னி' வேண்டாம், 'முதல்' போதும்.

அந்த இளைஞர் கிற்றாரோடு பாடிய வகைப் பாட்டை 'இண்டி ஃபோக்' என்கிறார்கள். இண்டி என்பது 'இன்டிபென்டன்ட்' என்பதன் சுருக்கம், முதலில் ஒலியின் பெயரே அல்ல. 1980இல் பிரித்தானியாவில் தொடங்கிய இண்டி தரவரிசையில் இடம்பெற, தட்டு பெரிய நிறுவனங்களின் விநியோகத்தில் வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 'சுயாதீனம்' இலங்கையில் தொலைக்காட்சி வரைக்கும் பழகிய சொல், அதையே வைக்கலாம். ஃபோக்கை மட்டும் 'நாட்டார் பாடல்' என்று பெயர்க்கக் கூடாது. நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. இங்கே எழுதியவர் பெயரைப் போட்டுத்தான் வெளியிடுகிறார். 'நாட்டார் சாயல்' என்றால் பொய்யில்லை.

ஒற்றைப் பாட்டாக வெளியிடும் 'சிங்கிள்' தண்டியலங்காரம் சொல்லும் முத்தகம். ஆனால் யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை. தனிப்பாடல் என்றால் எல்லோருக்கும் விளங்கும்.